வா.இ.

ஆய்வகத்தில் தஹ்ஸீன் கையில் இரண்டு குட்டிச் சோதனைக் குழாய்கள். இரண்டின் மூடியிலும் ஒரே எழுத்து: வா.இ. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் காலை ஒன்பதரைக்கே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"புருஷு, நீ என்னன்னு நெனச்சு இதை எழுதின?"

"வால் இல்லாதது," என்றான் புருஷோத்தமன். முதலியார்பேட்டையிலிருந்து பைக்கில் வந்தவன் இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "நீ?"

"வால் இருக்கறது."

தமிழ் தெரியாத பக்கத்து ஆய்வகத்தார் கேட்காமல் குழாய்களை எடுத்துப் போகிறார்கள் என்று, அவர்களுக்குப் புரியாதபடி தமிழில் எழுதத் தொடங்கிய மகா புத்திசாலிகள் இவர்கள்தான். குட்டி மூடியில் கிறுக்கியதில் எது யார் கையெழுத்து என்று இப்போது இவர்களுக்கே புரியவில்லை.

உயிரணுவுக்குள் சில அறைகளுக்குச் சுவரே கிடையாது. மீன்குழம்பின் மேல் எண்ணெய் திரண்டு நிற்கிற மாதிரி, சில புரதங்கள் தாமாகவே சொட்டாகத் திரண்டு நிற்கும். கதவும் காவலும் இல்லாவிட்டாலும் எல்லாப் புரதமும் அதற்குள் போய்விட முடியாது. தஹ்ஸீனின் புரதத்துக்குத் தொளதொளவென்று ஒரு வால் உண்டு. அந்த வால்தான் அதை உள்ளே சேர்க்கிறது என்பது அவள் கட்சி. "உன் வாலை ஒட்ட நறுக்கணும்டி" என்று அம்மா ஜீனத்துன்னிசா திட்டித் திட்டி வளர்த்த பெண் அவள். வாலுக்காக வாதாட அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பதினோரு மணிக்குப் பேராசிரியர் சிவசங்கரி வருவார். வால் உள்ளது சொட்டுக்குள் போவதையும் வால் வெட்டியது வெளியே நிற்பதையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருஷ வேலையை மூட்டை கட்டிவிட்டு அவள் வேறு ஆய்வகத்துக்குப் போக வேண்டியதுதான்.

"இதுக்குப் போயி அழுவாத. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாரு. எது சொட்டுக்குள்ள போவுதோ அதுதான் வால் இருக்கறது. எழுதிட்டுப் போயிட்டே இரு," என்றான் புருஷோத்தமன்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு வெறுப்போடு மேசையில் போட்டாள்.

"விடைய பாத்துட்டு கேள்வி எழுதறதுக்கு ரெண்டு வருஷம் எதுக்குடா?"

மூடிகளில் சிவப்பு, நீலம் என்று பொட்டு வைத்தாள். இரண்டிலிருந்தும் துளி எடுத்து, கூழ் போன்ற ஜெல் தட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினாள். ஜெல்லில் சின்னப் புரதம் முன்னால் ஓடும், வாலோடு நீண்டது பின்தங்கும். பாதி ஓடும்போதே சிவசங்கரி வந்துவிட்டார்.

தஹ்ஸீன் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சிவசங்கரி கண்ணாடியை ஏற்றிவிட்டு மூடிகளைப் பார்த்தார்.

"'வா, இரு'ன்னு ரெண்டையுமே கூப்புட்டிருக்கியேம்மா!"

புருஷோத்தமன் இன்னும் கழற்றாத ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். தஹ்ஸீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெல் ஓடி முடிந்தது. பின்தங்கியது சிவப்புப் பொட்டு. அப்படியானால் வால் உள்ளது அதுதான். இனி மைக்ராஸ்கோப்.

முதலில் நீலப் பொட்டு. புரதத்தில் ஒட்டிவைத்திருந்த பச்சை ஒளி எங்கும் பரவி அலைந்தது, சொட்டுக்குள் மட்டும் போகவில்லை. அடுத்து சிவப்பு. தஹ்ஸீன் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாரும்மா," என்றார் சிவசங்கரி.

இருட்டில் ஒவ்வொரு சொட்டும் பச்சையாய் எரிந்தது. வெளியே துளி ஒளிகூட இல்லை. தஹ்ஸீனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சிவசங்கரி பேனாவை எடுத்து நீலப் பொட்டு மூடியிலிருந்த வா.இ.யை அடித்தார். சிவப்பை அப்படியே விட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"வேற ஆய்வகமெல்லாம் வேணாம். நீயும் இரு."