சிரிக்கக் கூடாத அறை

காரைக்குடி செக்காலைப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த சகாய ஆண்டனியின் மனைவி சூசைமேரி சிரித்தால், ஒக்கூரில் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அறுத்தது ஒரே ஒரு மாடுதான். அதுவும் ஏற்கெனவே நைந்த கயிறு. ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே தும்ம, இவள் சிரித்துவிட்டாள். யாரும் தொடாமலே கோவில் மணி ஒருதரம் அடித்தது. சனங்கள் அவசரமாக முழந்தாளிட்டார்கள். சாமியார் மட்டும் அவளை முறைத்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு மயங்கித்தான் ஆண்டனி அவளைக் கட்டினார். அதே சிரிப்புக்குப் பிற்பாடு அவரே தடை போட்டார். காரணம், சிடி ரைட்டர்.

தொண்ணூற்றெட்டில் அந்த வட்டாரத்துக்கே அதுதான் முதல் சிடி ரைட்டர் என்பது ஆண்டனியின் கட்சி. வெறுந்தட்டை உள்ளே கொடுத்தால் ஒளியாலேயே எழுதித் தரும். ஆனால் எழுத ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது. கம்ப்யூட்டர் ஒரு நொடி திணறினாலும் தட்டு பாழ். அழித்துவிட்டு மறுபடி எழுதவும் முடியாது. ஆகவே ஆண்டனி அதைப் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். செருப்பு வாசலோடு சரி. தட்டை ஓரத்தில்தான் பிடிக்கவேண்டும். எழுதும்போது பிரிண்டர் ஓடக் கூடாது, மானிட்டரில் ஸ்கிரீன்சேவர் மீன் நீந்தக் கூடாது. அவசரக்காரர்கள் கெஞ்சினாலும் குறைந்த வேகத்தில்தான் எழுதுவார்.

இதிலெல்லாம் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தூசிதான் அவரைக் கெடுத்தது. அந்த ஊர்ச் செம்மண் தூசி, பூட்டிய பீரோவுக்குள் போய் உட்கார்ந்து கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்ளும் ரகம். அதற்குப் பயந்து ஆண்டனி, எழுத ஆரம்பித்ததும் ரைட்டர் பெட்டிக்கு ஒரு வெல்வெட் உறையைப் போட்டு மூடிவிடுவார். சூசைமேரி தைத்த உறை. டிவிக்கும் மிக்ஸிக்கும் தைத்ததுபோக மிஞ்சிய துணியில், மாதாகோவில் பீடத்துணியைப் போலச் சரிகை ஓரம் வைத்து, ஆசையாகத் தைத்திருந்தாள்.

தட்டுகள் பாழாயின. மார்கழியில் எப்போதாவது, சித்திரையில் அடிக்கடி. பாழானவற்றை அவள் கிளி விரட்டக் கொய்யா மரத்தில் கட்டினாள். கிளிகள் வந்து, தட்டில் முகம் பார்த்துத் தலை கோதிக்கொண்டு, பிறகு சாவகாசமாகக் கொய்யாவைத் தின்றன. அதற்கும் சிரித்தாள்.

ஆண்டனி முதலில் பஸ் ஹாரனைச் சந்தேகப்பட்டார். பிறகு பக்கத்துக் கடைக்காரரின் இருமலை. கடைசியில் சந்தேகம் சூசைமேரியிடம் வந்து நின்றது. அவள் நாள் முழுக்கச் சிரிக்கிறவள். எந்தத் தட்டு கெட்டாலும் சற்றுமுன் சிரித்துத்தான் இருப்பாள். நல்ல தட்டு வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு சித்திரை மத்தியானம் காசிவிஸ்வநாதன் செட்டியார் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய அறுபதாம் கல்யாணப் படங்கள் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் போகவேண்டும். தட்டு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது, உறை போட்டாயிற்று. செட்டியார் பொழுதுபோகாமல் கையிலிருந்த ஆல்பத்தைச் சூசைமேரியிடம் விரித்துக் காட்டினார். ஒரு படத்தில் மாலை நழுவி அவர் கண்ணை மறைக்க, தாலியை அவர் ஐயர் கழுத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? இத்தன வருசங் கழிச்சு ஆளையே மாத்தப் பாத்தீகளா?"

"ஆச்சியும் இதத்தேன் கேட்டா தாயி. ஐயரு மட்டும் ஒண்ணுஞ் சொல்லல."

சூசைமேரி சிரித்தாள். உத்தரத்துப் புறாக்கள் கிளம்பின. அதே நேரம் ரைட்டர் தட்டை வெளியே தள்ளியது. பாழ்.

"போச்சா!" என்று ஆண்டனி கத்தினார். "வாயா அது? இந்த எக்காளத்தக் கேட்டுக் கேட்டுக் காது போச்சு, இப்பத் தொழிலும் போச்சு. இனிமே சிரிக்கிறதா இருந்தா இங்குட்டு வராத!"

"அட, விடப்பா. வேற தட்டப் போடு" என்றார் செட்டியார்.

சூசைமேரி ஆல்பத்தை மூடி அவரிடம் கொடுத்தாள். "இந்தச் சத்தத்தக் கேட்டுத்தேன் பொண்ணு கேட்டு வந்தேன்னீக" என்றாள் ஆண்டனியிடம். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாழான தட்டைத் துடைத்து ஒரு பயனும் இல்லை, இருந்தாலும் துடைத்தார்.

சாயங்காலம் அவள் காளையார்கோவிலுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எடுத்துப்போனது நாலு சேலை, ஜெபமாலை, அப்புறம் அந்த வெல்வெட் உறை. 'என் கையால தச்சது' என்று நினைத்திருப்பாள்.

மறுநாளிலிருந்து தட்டுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. "பாத்தீகளா, நான் சொன்னேன்ல" என்று ஆண்டனி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். 'சிரிக்கக் கூடாது' என்று சுவரில் எழுதி ஒட்டினார். கொய்யா மரத்துக் கிளிகள்கூட அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு பறந்தன.

நன்றாகப் போகிற காலத்தில்தான் தூசி ஞாபகம் வந்தது. டெய்லரிடம் சொல்லி, முன்னதைவிடத் தடிமனாக ஒரு உறை தைத்துப் போட்டார். செட்டியார் தம் இன்னொரு மகனுக்குத் தட்டு எழுத வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு மூச்சைக்கூடப் பாதியாக விட்டார். தட்டு பாழ். அடுத்ததும் பாழ்.

செட்டியார் உறைக்குள் கையை விட்டு, உடனே உருவிக்கொண்டார். "என்னப்பா, இட்லிக் குண்டான் கணக்காக் கொதிக்கிது? இந்த வெயில்ல ஒனக்குக் கம்பளி போத்துனா நீ எழுதுவியா?"

உறையைக் கழற்றி, சூடு ஆறும்வரை காத்திருந்து எழுதினார்கள். தட்டு சுத்தமாக வந்தது. ஆண்டனி இன்னொன்றை உள்ளே போட்டார். கதவை அறைந்தார். எவர்சில்வர் தம்ளரைத் தரையில் போட்டார். தனக்கு வராத சிரிப்பை வரவழைத்து, தொண்டை கமறச் சிரித்தார். செட்டியார் எழுந்து கதவோரம் நின்றுகொண்டார்.

அந்தத் தட்டும் பழுதில்லாமல் வந்தது. அப்படியொரு நல்ல தட்டை ஆண்டனி எழுதியதே இல்லை. அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே காளையார்கோவில் போனார்.

"சூடுதேன் மேரி. எல்லாம் அந்த உறையால வந்தது."

சூசைமேரி நிமிர்ந்தாள். "நான் தச்ச உறையா? அப்ப, மறுபடியும் நாந்தானா?"

"அய்யய்யோ, இல்ல. போத்துனது நானு. ஒன்னப் பேசுனதும் நாந்தேன்."

அவள் வந்துவிட்டாள். ஆண்டனி சுவர்க் காகிதத்தைக் கிழித்தார். உறை இரண்டும் தலையணைக்குப் போயின. செட்டியார் மூன்றாவது மகனுக்குத் தட்டு எழுத வந்தபோது, வேண்டுமென்றே அந்த ஆல்பத்தைக் கொண்டுவந்து அதே படத்தை விரித்தார்.

"ஐயரு இன்னைக்கும் என்னயக் கண்டா அங்குட்டுப் போயிர்றாரு தாயி."

சூசைமேரியின் தோள் குலுங்கியது. உடனே முந்தானை வாய்க்குப் போனது. கண் ரைட்டரின் சிவப்பு விளக்குக்குப் போனது.

"சிரி மேரி. ஒண்ணும் ஆகாது. நாஞ் சொல்றேன்ல, சிரி" என்றார் ஆண்டனி.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். விளக்கு அணைந்து, தட்டு நல்லபடியாக வெளியே வந்த பிறகு முந்தானையை எடுத்தாள்.

"இப்பச் சிரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். உத்தரத்துப் புறாக்கள் கிளம்பவில்லை.

ஒக்கூரில் மாடுகள் நைந்த கயிற்றில்கூட நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.