கீர்த்திகா கொடுத்த குதிரை

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை பின்னேரம், கரவெட்டியில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில், மாகாண சதுரங்க அணியின் கடைசி இடத்துக்கான ஆட்டம் முடியாமல் நிறுத்தப்பட்டது. மறுநாள் அங்கே, இறந்த ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு.

"இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கோ மாஸ்ரர்," என்றாள் கீர்த்திகா.

"சமைக்கிற கிடாரம் வாசல்லை வந்து நிக்குது பிள்ளை. மேசையும் சமைக்க வந்தவைக்கு வேணும்." நடுவர் நேசராஜா கைபேசியை எடுத்துவிட்டார்.

சற்று முன்தான் அவள் தன் குதிரையைப் பலி கொடுத்திருந்தாள். எதிரே இருந்த ஜெனுஷனின் கறுப்புக் காலாள் அதை வெட்டிப் பக்கத்து வரிசைக்கு மாறியதும், அவனுடைய கோட்டைக் காய் வெளியே வர இருந்த ஒரே வழியும் அடைபட்டது. சொந்தக் காலாட்களுக்குப் பின்னால் அது சிறைப்பட்டுக் கிடந்தது. இனி அவளுடைய அரசன் பலகையைச் சுற்றி ஆறுதலாக நடக்கலாம். அவனுடைய அரசன் தனியாக நின்று இரண்டு பக்கத்தையும் காக்க முடியாது. நீண்ட நடைதான், ஆனால் வெற்றி.

முடியாத ஆட்டத்துக்குக் கைபேசிச் செயலி தீர்ப்புச் சொல்லும் என்பது போட்டி விதி. மனிதர் சொன்னால் ஊர் பார்த்துச் சொன்னதாகக் கதை வரும். மெசினுக்கு ஊரில்லை. செயலியை ஒரு நிமிடம் ஓடவிடுவார்கள்.

"கறுப்புக்கு அஞ்சு புள்ளி கூட," என்றார் நேசராஜா.

"அது காயை எண்ணுது மாஸ்ரர். அந்தக் கோட்டை செத்த கோட்டை."

கதிரை அடுக்கிக்கொண்டிருந்த போட்டிக் குழுச் சிவரூபன் திரும்பினான். "அப்ப குதிரையையும் கிடாரத்துக்கை போடுவம்."

சிரிப்புக்கிடையில் கீர்த்திகா எதிரே திரும்பினாள். "நீ சொல்லு ஜெனுஷன். உன்ரை கோட்டை எப்பிடி வெளியிலை வரும்?"

குதிரையை வெட்டியதிலிருந்து அவன் நெற்றியில் கைவைத்தபடிதான் இருந்தான். அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"எனக்கென்ன தெரியும் அக்கா. மெசின் சொல்லுது."

அவள் காய்களைப் பெட்டிக்குள் போடத் தொடங்கினாள். போன வருடம் ஒரு நடுவர் தன் ஊர்ப் பெடியனுக்கு வெற்றி கொடுத்தபோது, எழுந்து நின்று இந்த விதியை முன்மொழிந்தவள் அவள்தான். முதலில் கை தட்டியது சிவரூபன்.

ஞாயிறு காலை, வல்வெட்டித்துறையில் வீட்டுக் கணினியில் அதே நிலையை வைத்து நெடுநேரம் ஓடவிட்டாள். முதலில் அதே ஐந்து. உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தபோது பூச்சியம். மத்தியானம் வெள்ளைக்கு வெற்றி என்று காட்டியது, அவள் நினைத்த அதே நடையோடு. திரையைப் படமெடுத்துப் போட்டிக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள்.

"நீர் சொன்னது சரிதான் பிள்ளை. ஆனால் ஜெனுஷன்ரை பேர் அனுப்பியாச்சு," என்று நேசராஜா எழுதினார். ஜெனுஷனும் படத்தைப் பார்த்துவிட்டான்.

செப்டெம்பரில் ஜெனுஷன் அணியோடு கொழும்புக்குப் போனான். விதி மாற்றப்படவில்லை.