மூன்றாம் வகுப்பு, ஒன்பதாம் பாடம்

பாடப்புத்தகத்திலிருந்து அடிக்கப்பட்ட வெண்பனி, அடித்த அன்றே மாலை ஐந்தே முக்காலுக்கு, அடித்தவளின் வீட்டு அடுக்களையில் பெய்யத் தொடங்கியது. வீடு முழுக்க இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஒரு மேசை அகலத்துக்கு மட்டும். வீட்டுச் சொந்தக்காரர் ஆள் அனுப்பிக் கூரையைப் பார்த்தார். ஓட்டையும் இல்லை, கசிவும் இல்லை, ஆகவே இது தன் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டார். ஏழு வயது மகள் கையை நீட்டிப் பார்த்து, ஐயோ, ஜில்லுன்னு இருக்கு என்றாள். இவளும் நீட்டினாள். கை நனைந்தது, அவ்வளவுதான். குளிர் என்று எதுவும் தெரியவில்லை.

அவள் வேலை பார்த்தது பாடத்திட்ட அலுவலகத்தில். நம் பிள்ளைகளுக்கும் உலகத் தரம் வேண்டுமென்று மேலிடத்தில் முடிவாகி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பாடத்திட்டம் பதினொரு பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தது. உலகத் தரம் வந்துவிட்டது, மாடிக்கு மின்விசிறிதான் இன்னும் வரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் புத்தகங்களை உள்ளூர்ப் பள்ளிகளுக்குத் தோதாகத் திருத்துவது அவள் வேலை. அதற்கென்று கட்டம் போட்ட தாள் உண்டு: பக்கம், உள்ளபடியே, மாற்று, நீக்கு. சுரங்க ரயிலை அடித்துவிட்டுப் பேருந்து என்று எழுதுவாள். கம்பளிக் கையுறையை அடித்துவிட்டுக் குடை என்று எழுதுவாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான குழுத்தலைவர் ஒவ்வொரு தாளின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். தாளைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை, ஆனால் கையெழுத்து மணிமணியாக இருக்கும். முகத்துக்கு நேரே மேடம் என்றவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் கத்தரிக்கோல் என்றார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அடித்ததெல்லாம் வீடு வந்து சேர்ந்தது. பனிக்குப் பிறகு நரி வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. யாரையும் கடிக்கவில்லை, எதையும் திருடவில்லை, நரியைப் பற்றிச் சொல்லப்படும் எந்தக் குற்றத்தையும் அது செய்யவில்லை. நடையில் ஒரு மரம் முளைத்து வியாழக்கிழமைதோறும் சிவப்பு இலைகளைக் கொட்டியது. இலை சாக்கடையை அடைப்பதாக மாடிவீட்டம்மா ஒருமுறை சண்டைக்கு வந்து, அப்புறம் தன் பேரனுக்கென்று நாலு இலை பொறுக்கிக்கொண்டு போனார். காலை ஏழு பத்துக்கு வீட்டுக்கு அடியில் ரயில் போகும், அலமாரியில் டம்ளர்கள் ஆடும். மகள் அதைக் கேட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பினாள். குளிர்பெட்டியை அணைத்து அதில் புத்தகங்களை அடுக்கிவிட்டு, பாலைப் பனியில் புதைத்து வைத்தார்கள்.

இதிலெல்லாம் அவளுக்கு வியப்போ பயமோ வரவில்லை. எதுவுமே வராமல் போய் அப்போதே ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவன் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போனவன். சாரம் சரிந்துவிட்டதென்று ஒரு மதியம் தொலைபேசி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள், பெட்டி மட்டும்தான் திரும்பி வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கலை, பெட்டியை முன்னாடியே அனுப்பிட்டாரு என்று மகளிடம் சொல்லிவிட்டு, அதை அலமாரிக்கு மேலே ஏற்றினாள். ஒரு வாரம் கழித்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். வாரம் மாதமானது, மாதம் வருடமானது. அக்கா தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம், முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குடி சோத்துல மறைப்பே என்பாள். இவள் ம் என்பாள். அழுகை வந்தால் மகளிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அது வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கால்போல இருந்தது உடம்பு முழுக்க.

ஒன்பதாம் பாடம் குழுவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பெண் குழந்தையின் அப்பா இறந்துபோகிறார். பழக்கதோஷத்தில் அவள் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிடுகிறாள். நீ யாரை நினைத்து ஏங்குகிறாய் என்று எழுது என்பது பயிற்சி. மூன்றாம் வகுப்பில் போய்ச் சாவா, பெற்றோர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார் குழுத்தலைவர். அப்பா வெளிநாட்டில் வேலை பார்ப்பதாக மாற்றிவிடலாம், அதுதானே உள்ளூர்ச் சூழல் என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அங்கேயே பேனாவைத் திறந்து, ஒரு திருத்தம்கூட இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். குழுத்தலைவர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தாளைப் படித்துப் பார்த்தார்.

"ரொம்ப இயல்பா வந்திருக்கு மேடம்" என்றார்.

அன்று மாலை கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். காலணியைத் துடைத்துக்கொண்டார், கம்பளிச் சட்டை போட்டிருந்தார், கன்னத்தில் பாடத்துக்குப் படம் வரைந்தவரின் பென்சில் கோடுகள் தெரிந்தன. ஜன்னலோரம் யாரும் உட்காராமல் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை, பேசவில்லை. மகள் அவருக்குக் கம்பளி மாமா என்று பெயர் வைத்து, நரிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது அவரையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் சோதனைப் பதிப்பு அச்சாகி, மகளின் மூன்றாம் வகுப்புக்கே வந்தது. வரிகளைத்தான் மாற்றியிருந்தார்கள். படங்களை மாற்ற எவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஒன்பதாம் பாடத்தில் ஒரு தாயும் பிள்ளையும் மண்மேட்டில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள், மூலையில் ஒரு வட்டத்துக்குள் கம்பளி மாமாவின் முகம். கீழே, அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், லீவு கிடைத்ததும் வருவார் என்று போட்டிருந்தது.

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். இவள் பனிக்குள் கைவிட்டுப் பால் பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கம்பளி மாமாவை ஏன் பாடத்துலேருந்து எடுத்தே?"

"அவரு செத்துப்போனவரு. சின்னப் பிள்ளைங்க படிக்க வேணாம்னு எடுத்துட்டோம்."

மகள் படத்தைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். பிறகு அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அப்பாவையும் அதுக்குத்தான் எடுத்தியா?"

"ஆமா" என்றாள் அவள்.

சொல்லி முடித்ததும் கை சுரீரென்றது. குளிர், எலும்பு வரைக்கும் குளிர், விரல்கள் ஒவ்வொன்றாக வலித்தன. கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்று அழுதாள். மகள் பக்கத்தில் வந்து நின்று தானும் அழுதாள். அன்று அந்த வீட்டில் பால் காய்ச்சவில்லை.

மறுநாள் அவள் பழைய தாளைத் தேடி எடுத்து, ஒன்பதாம் பாடத்துக்கு நேரே உள்ளபடியே என்று எழுதினாள். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று குழுத்தலைவர் கேட்டார். என்னிடம் அனுப்புங்கள் என்றாள். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மாலையில் அவள் வீடு திரும்பியபோது கம்பளிக்காரர் வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். தலையசைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார். சோதனை முடிந்து எல்லாப் பள்ளிக்கும் போன முதல் அச்சில் ஒன்பதாம் பாடம் முழுசாக வந்தது. மூன்று பெற்றோர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அதில் ஒருவர் சண்டை போட வரவில்லை, அந்தப் பாடத்தை உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார்.

நரியும் மரமும் இருக்கின்றன, ரயில் நேரம் தவறுவதில்லை. அடுக்களையில் பனி இன்றும் பெய்கிறது, முன்னைவிடக் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் இப்போது அங்கே போகும்போது இருவருக்கும் குளிர்கிறது. பெட்டியைக் கீழே இறக்கித் திறந்ததில் ஆறு முழுக்கைச் சட்டைகள் இருந்தன. பால் எடுக்கப் போகும்போது மகள் அதில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள், அவள் ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள்.