ஸ்டோக்கிலிருந்து வந்த கோப்பைகள்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயாலும் கெட்டேன், கைப்பேசியாலும் கெட்டேன்.

என் மகள் ஷாமினியும் பிரவினும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். அவனுடைய அப்பா கமலநாதன் சரி என்றால்தான் கல்யாணம். சுங்கை வே ஊரில் முட்டைகூடத் தொடாத குடும்பம் அது. அவர்கள் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், நசுங்கிப்போன எவர்சில்வர் தம்ளர்களைப் பையில் கட்டிச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒளித்தேன். மகன் ஜீவன் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பீங்கான் கோப்பைகளை எடுத்து வைத்தேன்.

“தம்ளரே போதும்லாம்மா,” என்றாள் ஷாமினி. நான் கேட்டால்தானே.

கமலநாதன் பாதி டீ குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “விரல் தெரியுது பாருங்க. எங்க வாங்கினீங்க?”

கடையில் வாங்கினேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். “மகன் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்ல படிக்கிறான். அந்த ஊரே பீங்கான் ஊருதான். இருங்க, அவனையே கேப்போம்,” என்று வீடியோவில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் சாய்த்து வைத்தேன்.

பிள்ளைக்கு ஒரே உற்சாகம். “மாட்டு எலும்பைச் சுட்டுப் பொடியாக்கி மண்ணோட கலப்பாங்க அங்கிள். கிட்டத்தட்ட பாதி எலும்புதான். அதான் இவ்ளோ வெள்ளை.”

அப்போதுதான் இன்னொரு வாய் உறிஞ்சியிருந்த கமலநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். வாயில் இருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு விழுங்கினார். ஷாமினி என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தம்ளர் எடுத்துவருவதாக முணுமுணுத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். பையின் முடிச்சு அவிழவே இல்லை. என் வீட்டுத் தம்ளருக்கு வெட்கப்பட்டு, பெற்ற மகளின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது.

பின்னால் பிரவினின் அம்மா தங்கமணி நின்றிருந்தார். வாய் கொப்பளிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் தொட்டியை விட்டு விலகினேன். “மன்னிச்சிருங்கக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவர் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இப்பதான் கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன். எங்க வீட்டுக் கிண்ணத்துக்கு அடியிலயும் இதே முத்திரை, இதே ஊர் பேரு. வெள்ளிக்கிழமை சாமிக்குப் பால் வைக்கிறது அதுலதான்.”

பிறகு அவர் என் கையிலிருந்த பையை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

“டீயை இதுல ஊத்துங்க. அவரை நான் பார்த்துக்கிறேன். பால் விஷயத்தை மட்டும் சொல்லிராதீங்க, சம்பந்தி.”