முதலில் எங்கே பார்த்தீர்கள்?

...பாண்டிச்சேரி கதிர்காமத்தில் ஒரு கல்யாண வீட்டில் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், ஸ்கூட்டரில் வரும்போதுகூட புருஷன் ஜெர்ரி, "எங்க பார்த்துகிட்டீங்கன்னு கேட்டா கதிர்காமம், கல்யாணம், அவ்ளோதான் ஹேமா" என்று படித்துப் படித்துச் சொன்னானே, தலையை ஆட்டிவிட்டுத்தானே ஹேமலதா பிரெஞ்சுத் தூதரக அறைக்குள் போனாள், பிறகு மேசைக்கு அந்தப் பக்கமிருந்த அம்மா தமிழிலேயே, "இதுக்கு முன்னாடி பிரான்ஸ்ல இருந்திருக்கீங்களா, என்ன அனுமதியில?" என்று கேட்டதும் வாய் ஏன் அப்படி அவிழ்ந்துகொண்டது? இருந்தேங்க, அக்கா பிரசவத்துக்குப் போனேன், விசா முடிஞ்சும் ஒரு குளிர்காலம் முழுக்க அனுமதியில்லாமத்தான் இருந்தேன், இவரையே அங்கதான் பார்த்தேன்... அந்த அம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டாள். பயம் வரும் என்று பார்த்தால் பசிதான் வந்தது, புருஷனுக்கு இருக்கிற பிரெஞ்சுக் குடியுரிமையைத் தனக்கும் கேட்க வந்த இடத்தில் பசி! இப்போது ஜெர்ரியின் முறை, கதவு சாத்தியிருக்கிறது, போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், நான் நெசத்தைச் சொல்லிட்டேன் என்று அவனுக்கு எப்படித் தெரிவிப்பது, உள்ளே அவன் மேளம், பந்தி, பாயசம் என்று அளந்துகொண்டிருப்பான், இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் எங்கள் கல்யாணத்தையே அல்லவா சந்தேகப்படுவார்கள்...

ஆனாலும் சிரிப்பு வருகிறதே. பாரிஸ் பக்கத்தில் அந்தச் சலவைக் கடை, காசு போட்டால் தானாகத் துவைக்கும் மெஷின்கள், அக்கா குழந்தையின் துணிகள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன, வெளியே போலீஸ்காரர்கள் வழிமறித்து அனுமதிக் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டு மெஷின்களுக்கு நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டு, மயிலம் முருகா, மயிலம் முருகா... எங்கள் ஊர் சேதராப்பட்டிலிருந்து கூப்பிட்டாலே மயிலத்துக்கு எட்டிவிடும் தூரம், பாரிஸிலிருந்து கேட்குமா? அப்போது தலைக்கு மேலே, ஈரப் போர்வையைச் சுமந்துகொண்டு நின்ற ஒருத்தன், சுத்தமான பாண்டிச்சேரித் தமிழில், "முருகன் வர நேரமாவுங்க, போலீஸ் போயிட்டாங்க, எழுந்திருங்க" என்றான். அந்தக் குரலைத்தான் மறைக்கச் சொன்னான் இவன், கதிர்காமத்துப் பந்திக்குக் கீழே போட்டு மூடச் சொன்னான், எப்படி மனசு வரும்?

கதவு திறந்தது. ஜெர்ரியின் முகம் ஒரு மாதிரி இருந்தது. வெளியே வந்து கடற்கரைச் சாலை வரைக்கும் அவன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தான், காற்று அவள் புடவையை அள்ளிக்கொண்டு போனது. "திட்டாத ஹேமா," என்றான் கடைசியில், "கதிர்காமம்னு சொல்ல வாயெடுத்தேன், சலவைக் கடைன்னு வந்துடுச்சு." அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "நானும் அதைத்தாங்க சொன்னேன்!" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சைக்கிளில் வந்தவர் இறங்கி ஒதுங்கிப் போனார். முடிவு வர மாசக்கணக்காகும், கொடுப்பார்களோ மாட்டார்களோ, வரட்டும்... "நீ மெஷினுக்கு நடுவுல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சியே, அதையும் சொன்னேன்," என்றான். சிரித்தேனா? அழுதுகொண்டிருந்தேன் என்றல்லவா நான் சொன்னேன், கன்னமெல்லாம் நனைந்திருந்ததே, இத்தனை வருஷமும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்... அவன் எழுந்திருங்க என்று கை நீட்டினான், அப்போது, அந்த நொடியில்... ஒருவேளை சிரித்துத்தான் இருப்பேனோ?