நழுவிய ஸ்டென்ட்

மங்கையர்க்கரசி ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. வாயுத் தொல்லைதான் என்று ஓமமும் சோம்பும் கொதிக்கவைத்துக் குடித்தாள். தான் வேலை பார்க்கும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் லீவு போடாமல் போய்வந்தாள். ஆறாம் நாள் காலையில் வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது. குடித்த வெந்நீர் பச்சையாக வாந்தி வந்தது. அவளே கணவர் அன்பழகனைக் கூப்பிட்டுக் கார் பிடிக்கச் சொன்னாள்.

காரைக்காலில் ஸ்கேன் எடுத்தவர்கள் அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்தில் ஒரு கட்டி வளர்ந்து வழியை அடைத்திருந்தது. பார்த்தால் புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது என்று டாக்டர் ஷஃபீனா மறைக்காமல் சொன்னார். ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். உடனே ஆபரேஷன் செய்தால், வீங்கிய குடலை ஒட்ட முடியாது. மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் ஆசனவாய் வழியே கேமராவை விட்டு, அடைப்புக்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை வைத்து வழி திறக்கலாம். வீக்கம் வடிந்ததும், இரண்டு வாரத்தில் நிதானமாக ஆபரேஷன் செய்யலாம்.

அன்பழகன் ஸ்டென்டே வைத்துவிடுங்கள் என்றார். மங்கையர்க்கரசிக்கும் பை வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடமாகக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் எந்தக் கோப்பையும் மேலே அனுப்பாதவள் அவள்.

"அதுல என்னென்ன கெட்டுப்போகும், அதையும் சொல்லுங்க டாக்டர்."

சிலருக்குக் குடல் ஓட்டையாகிவிடும், அப்படியானால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் ஷஃபீனா. சிலருக்கு மறுபடி அடைக்கும், சிலருக்கு ஸ்டென்ட் நழுவும். "காத்து பிரியறது நின்னாலோ, வயிறு வலிச்சு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே வந்துடுங்கம்மா." மங்கையர்க்கரசி அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் விடிவதற்குள் வயிற்று உப்பல் இறங்கிவிட்டது. அன்பழகன் அந்தச் செய்தியைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்ல, பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்தும் சொல்லுங்கள் என்று அதட்டி நிறுத்தினாள். நான்காம் நாள் அம்பகரத்தூர் வீட்டுக்குத் திரும்பி, குழைந்த சாதமும் மோரும் சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் காலையில் அடிவயிறு கனத்து வலித்தது. முதல்நாள் மத்தியானத்திலிருந்தே காற்று பிரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு எப்படியும் டாக்டரைப் பார்க்கத்தானே போகிறோம் என்றார் அன்பழகன்.

"அன்னைக்கேன்னு சொல்லியிருக்காங்க. கெளம்புங்க."

கார் ஊர் எல்லையைத் தாண்டும்போது அவள் கை சில்லிட்டுவிட்டது. அன்பழகன் அதைப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூர் வரை விடவில்லை.

எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் கட்டியை விட்டுக் கீழே நழுவியிருந்தது. ஆனால் குடல் இன்னும் வீங்கவில்லை. இந்தப் பத்து நாளில் வயிறு காலியாகி, உடம்பும் தேறியிருந்தது. அடுத்த நாளே ஷஃபீனா ஆபரேஷன் செய்தார். கட்டியையும் ஸ்டென்டையும் எடுத்துவிட்டுக் குடலை ஒட்டினார். ஒட்டிய இடம் ஆறும்வரை காப்பாக, வலப்பக்கத்தில் ஒரு பை மட்டும் வைக்க வேண்டியிருந்தது. புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம்.

எதற்குப் பயந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டாளோ அந்தப் பை வந்தே விட்டது. அதைப் பார்த்த அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். சாயங்காலம் நர்ஸைக் கூப்பிட்டு, எப்படி மாற்றுவது என்று காட்டச் சொன்னாள். மூன்றாம் தடவை அவளே மாற்றினாள்.

எடுத்த கட்டி புற்றுநோய்தான் என்று சோதனையில் உறுதியானது; நிணநீர் முடிச்சுகள் இரண்டில் நோய் இருந்ததால் ஆறு மாதம் கீமோ. நடுவிலேயே அலுவலகம் போகத் தொடங்கினாள். பக்கத்து இருக்கை சிவப்ரியா, புடவைக்கு மேலே எதுவும் தெரியவில்லை அக்கா என்று தயங்கிச் சொன்னாள். தெரிந்தாலும் வேலை நடக்கும் என்று சொல்லிவிட்டு, வரி ரசீதுக்காகக் காத்து நின்றவரைக் கூப்பிட்டாள் மங்கையர்க்கரசி.

கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. பையை எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் ஷஃபீனா. வருகிறேன் என்று அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அன்பழகன், ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பலாமா என்றார். அவளுக்கு நல்ல பசி. இட்லியும் சாப்பிடலாம் என்றாள்.