டோலனுக்கு ஒரு பொன்னாடை

மில்லிக்கன் பிளாசாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் றெமிஜியஸ் அண்ணை தமிழ்த் தேசியத்துக்காக ஏறாத மேடை ரொறொன்ரோவில் இல்லை. அப்படியிருக்க, இந்த வருடப் பொங்கல் விழாவுக்குப் பக்கத்து ஹார்ட்வெயர்க் கடை டோலனைப் பிரதம விருந்தினராகப் போட்டுவிட்டார்கள். டோலன் அந்தக் காலத்தில் அயர்லாந்தில் தேசியவாதக் கட்சி சார்பில் நகரசபையில் இருந்தவர். வணக்கத்துக்கு மேலே தமிழ் தெரியாது.

"ஆணி விக்கிற உவனுக்குப் பொன்னாடையோ?" என்று அண்ணை கடைக்கு வந்த எல்லோரிடமும் கேட்டார். வெங்காயம் வாங்கப் போன என்னிடம் மூன்று தரம் கேட்டார்.

அவரைச் சமாளிக்க அறிமுக உரையை அவரிடமே கொடுத்தார்கள். விடுவாரா? டோலனின் பெயரை ஒருதரம் சொல்லிவிட்டு, மிச்சம் முழுக்கத் தன் கதையையே சொன்னார். மறியலில் கம்பி எண்ணியதையும் தேர்தலில் தோற்றதையும் கடை திறந்ததையும் உருகி உருகிச் சொன்னார்.

எல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்த டோலனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து, தன் வாழ்க்கையை இவ்வளவு அன்பாக யாரும் சொன்னதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, அண்ணையைக் கட்டிப்பிடித்தார். சிரிப்பை அடக்கமாட்டாமல் மண்டபமே எழுந்து கைதட்டியது.

"சொல்லுங்கோவன் அண்ணை, அது உங்கட கதையெண்டு," என்றேன் முன்வரிசையிலிருந்து.

"வாயைப் பொத்தும் பிள்ளை," என்று பல்லைக் கடித்தபடி, அண்ணை பொன்னாடையை விரித்து டோலனின் தோளில் போர்த்தினார்.

அப்போது அவர்கள் இருவரையும் எடுத்த படத்தில் டோலன் மட்டும்தான் சிரிக்கிறார்.